சைபர் குற்றத் தடுப்புக் கூட்டத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை, ஓஎம்ஆர் பக்கம் ஓர் ஐடி அலுவலகத்தின் பயிற்சி அறையில் சில டஜன் பேர் கூடியிருப்பார்கள். போலி செயலிகள், களவு போன கடவுச்சொற்கள், வாடகைக்கு விடப்பட்ட வங்கிக் கணக்குகள் என்று பேச்சு மதியம் வரை ஓடும். கட்டணம் கிடையாது. முன்பதிவு செய்துவிட்டு அடையாள அட்டை காட்டினால் யாரும் உட்காரலாம். ஆனாலும் இந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்தத் துறையில் இருப்பவர்களும், அதில் வேலை தேடும் மாணவர்களும்தான்.

இந்த வழிகாட்டி மற்றவர்களுக்கானது. வங்கிக் கவுண்டரில் இருப்பவர், ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், பள்ளி ஆசிரியர், கடை வைத்திருப்பவர், கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்த மாணவர். உங்களை ஏன் அழைக்கிறேன் என்றால், இன்று நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பை வாரிக்கொண்டு போகும் மோசடிகளில் பெரும்பாலானவை கணினியை உடைத்து நடப்பவை அல்ல. ஆளைப் பேசியே மடக்கி, அவர் கையாலேயே பணத்தை அனுப்ப வைப்பவை. அந்த அறையில் இருக்கும் வல்லுநர்களுக்குக் கணினி தெரியும். “எஃப்டியை இப்பவே உடைச்சுக் குடுங்க, காரணம் கேக்காதீங்க” என்று கவுண்டரில் கை நடுங்க நிற்கும் பெரியவரின் முகம் அவர்களுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

எந்தக் கூட்டம் என்று முதலில் பாருங்கள்

சென்னையில் தேடும்போது இரண்டு பெயர்கள் முதலில் கண்ணில் படும். ஒன்று ‘நல்’. இந்தியாவின் பல நகரங்களில் கிளைகள் உள்ள, தன்னார்வலர்கள் நடத்தும் திறந்த பாதுகாப்புக் குழு இது. மாதக் கூட்டங்கள் இலவசம். கோவாவில் 2010 முதல் நடக்கும் ‘நல்கான்’ மாநாடும் இந்தக் குழுவிலிருந்து கிளைத்ததுதான். ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு, முதல்முறை போகிறவர் அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இன்னொன்று ‘ஓவாஸ்ப்’ அமைப்பின் சென்னைக் கிளை. 2001-ல் தொடங்கிய இந்த உலகளாவிய அமைப்பு இணையதளங்களின் பாதுகாப்பை மையமாகக் கொண்டது. இணையச் செயலிகளுக்கு மிக முக்கியமான பத்து ஆபத்துகளின் பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள்தான் வெளியிடுகிறார்கள். 2021 பட்டியலில் முதலிடம், ஒருவர் பார்க்கக் கூடாத தகவலை அவரைப் பார்க்க விட்டுவிடும் அனுமதிக் குறைபாட்டுக்கு.

அறிவிப்புகள் மீட்டப் தளத்திலும் லிங்க்ட்இன்னிலும் டெலிகிராம் குழுக்களிலும் வரும். நல் அறிவிப்பில் சில இந்திச் சொற்கள் இருக்கும்; பயப்பட வேண்டாம். ‘ஹம்லா’ என்றால் தாக்குதலைச் செய்து பார்க்கும் பயிற்சி, ‘பச்சாவ்’ என்றால் தற்காப்புப் பயிற்சி. இரண்டுக்கும் மடிக்கணினியும் ஓரளவு முன்னனுபவமும் வேண்டும். சாதாரண மாதக் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் ‘நியூஸ் பைட்ஸ்’ என்று ஒரு சுற்று வரும். அந்த மாதத்தில் நடந்த தாக்குதல்களையும் தகவல் கசிவுகளையும் ஒருவர் சுருக்கமாகச் சொல்வார். புதியவருக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை.

போலியை அடையாளம் காணுங்கள்

சைபர் பாதுகாப்பின் பெயரிலேயே மோசடி நடக்கிறது என்பது எரிச்சலூட்டும் உண்மை. ‘ஒரே நாளில் எத்திக்கல் ஹேக்கர், அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், 999 ரூபாய் மட்டும்’ என்று வரும் பட்டறைகள் பெரும்பாலும் சான்றிதழ் வியாபாரம். ‘யாருடைய வாட்ஸ்அப்பையும் பார்க்கலாம்’ என்று ஆசை காட்டும் வகுப்பு இருந்தால் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள்; அங்கே கற்றுக்கொடுக்கப்படுவது குற்றம். இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் கொடுமை. பணத்தை ஏற்கெனவே இழந்தவர்களைக் குறிவைத்து, ‘மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று வருபவர்கள். உண்மையான சமூகக் கூட்டத்தில் யாரும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், எதையும் மீட்டுத் தருவதாக வாக்குக் கொடுக்கவும் மாட்டார்கள்.

சரிபார்க்க எளிய வழி: பழைய கூட்டங்களின் தலைப்புகளும் பேசியவர்களின் பெயர்களும் பொதுவெளியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல மாதங்களாகத் தொடர்ந்து நடந்த தடம் இருந்தால் போகலாம்.

பதிவும் வாசலும்

பதிவு செய்யாமல் போகாதீர்கள். இடம் கொடுப்பது ஏதாவது ஒரு நிறுவனம். அவர்களின் வாசலில் பெயர்ப் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாதவரை செக்யூரிட்டி அண்ணன் உள்ளே விட மாட்டார், அவரோடு வாதாடுவதில் பலன் இல்லை. அரசு வழங்கிய அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். மடிக்கணினி கொண்டு போனால் அதன் வரிசை எண்ணை வாசலில் குறித்துக்கொள்வார்கள். அதைக் காட்டித்தான் வெளியே வர வேண்டும். சில இடங்களில் கைப்பேசிக் கேமராவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள்.

வர முடியாமல் போனால் பதிவை ரத்து செய்துவிடுங்கள். பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வராமல் போவது இலவசக் கூட்டங்களின் தீராத நோய். தேநீரும் பிஸ்கெட்டும் வாங்கி வைத்த தன்னார்வலருக்கு அது தெரியும்.

முந்தைய நாள் செய்ய வேண்டியவை

இரண்டே வேலைகள்.

ஒன்று, உங்களுக்கோ உங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கோ வந்த மோசடிச் செய்தி ஒன்றை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வையுங்கள். மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று வந்த குறுஞ்செய்தி; போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு; வீட்டிலிருந்தே வேலை, ஒரு வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்ற அழைப்பு. அதில் இருக்கும் பெயர், கணக்கு எண், வீட்டு முகவரி போன்றவற்றை மறைத்துவிடுங்கள். இணைப்பைத் தொடாதீர்கள், கோப்பைத் திறக்காதீர்கள், படம் மட்டும் போதும். அந்தப் படம்தான் அறையில் உங்கள் அறிமுகச் சீட்டு.

இரண்டு, அவர்கள் புழங்கும் சில சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். ‘ஃபிஷிங்’, அதாவது போலிச் செய்தி அனுப்பித் தகவலைப் பறிப்பது, தெரிந்திருக்கும். ‘ஏபிகே’ என்பது ஆண்ட்ராய்டு செயலியின் கோப்பு. பிளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் அது வந்தால் சந்தேகப்பட வேண்டும். ‘சாக்’ என்றால் ஒரு நிறுவனத்தின் கணினிகளை இரவும் பகலும் கண்காணிக்கும் அறை. “நான் சாக்ல இருக்கேன்” என்று சொல்பவர் அநேகமாக இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்திருப்பார்.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சொல் ‘மியூல்’. மோசடிக்காரர் பறித்த பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு யாரோ ஒருவர் தன் பெயரில் தொடங்கி, ஏடிஎம் அட்டையோடும் சிம்மோடும் கொடுத்துவிட்ட கணக்குக்குப் போகிறது. அதுதான் மியூல் கணக்கு. நாளிதழ்களில் வாடகைக் கணக்கு என்று எழுதுகிறார்கள். அங்கே விழுந்த பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரிந்து, அவற்றிலிருந்து இன்னும் பலவாகப் பிரிந்து, ஏதோ ஓர் ஊரில் ஏடிஎம் வழியாகவோ கிரிப்டோவாகவோ மறைந்துவிடும். போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்த முதல் கணக்குக்காரரின் வீட்டு வாசலில். அவர் பெரும்பாலும் கல்லூரி மாணவராகவோ கடனில் தவிக்கும் சிறு வியாபாரியாகவோ இருப்பார். ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், நான் இதைத்தான் சொல்வேன்: உன் பெயரிலுள்ள கணக்கை யாருக்கும் வாடகைக்கு விடாதே.

அறைக்குள்

முன்வரிசைக்குப் போகலாம், அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் எழுந்து பெயரும் வேலையும் சொல்லும் சுற்று ஒன்று வரும். “நான் கூட்டுறவு வங்கியில இருக்கேன், டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது, எங்க கிளையில ஒரு சம்பவம் நடந்துச்சு, அதான் வந்தேன்” என்று சொன்னால் போதும். தெரியாது என்று சொல்வதற்கு அங்கே கூச்சம் தேவையில்லை. எல்லாம் தெரிந்ததுபோல் பேசுகிறவரைத்தான் அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பொது வைஃபையில் இணையாதீர்கள், சொந்த டேட்டாவைப் பயன்படுத்துங்கள். யாராவது பென் டிரைவ் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். கைப்பேசித் திரையைப் பூட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கிருப்பவர்கள் திருடர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. விளையாட்டுக்கு எதையாவது மாற்றிவைத்துச் சிரிக்கும் பழக்கம் அந்த வட்டத்தில் உண்டு. படம் எடுக்கும் முன் கேளுங்கள். சிலர் தங்கள் வேலையின் தன்மை காரணமாக முகம் வெளியே வருவதை விரும்ப மாட்டார்கள்.

பேச்சைக் கேட்கும் முறை

எல்லாம் புரியாது. புரிய வேண்டியதும் இல்லை. திரையில் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகள் ஓடும்போது மனம் தளர வேண்டாம். அந்த நேரத்தில் தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு, கதையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். யார் ஏமாற்றப்பட்டார், எந்த இடத்தில் நம்பினார், அந்த நம்பிக்கையை எது உண்டாக்கியது?

ஓர் உதாரணம். போக்குவரத்து அபராதச் செயலி என்ற பெயரில் வரும் ஏபிகேயைப் பிரித்துக் காட்டும் பேச்சு இந்த வட்டங்களில் அடிக்கடி நடப்பது. ஏபிகே என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். அதற்கென உள்ள இலவசக் கருவியில் போட்டால், உள்ளே இருப்பவை வரிசையாக விரியும். முதலில் பார்க்க வேண்டியது ‘மேனிஃபெஸ்ட்’ என்ற கோப்பு. இந்தச் செயலி உங்கள் கைப்பேசியிடம் எதையெல்லாம் கேட்கப்போகிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். குறுஞ்செய்திகளைப் படிக்க, புதிதாக வரும் குறுஞ்செய்தியை உடனே பெற, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க. அபராதம் கட்டும் செயலிக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு? கொஞ்சம் கீழே போனால், படித்த செய்திகளை எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு டெலிகிராம் ‘பாட்’டின், அதாவது தானியங்கிக் கணக்கின், முகவரி எழுதப்பட்டிருக்கும். வங்கியிலிருந்து உங்களுக்கு வரும் ஓடிபி, நீங்கள் பார்ப்பதற்கு முன்பே இன்னொருவர் திரையில் வந்து விழுவது இப்படித்தான். யாரும் உங்களிடம் ஓடிபி கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஓடிபியைப் பகிராதீர்கள்’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த எச்சரிக்கை இந்த இடத்தில் போதாமல் போகிறது.

இப்படியான பேச்சு ஒன்றில், முன்வரிசையில் இருந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் குறுக்கிட்டார். “தம்பி, எஸ்எம்எஸ் படிக்கட்டுமான்னு போன் கேக்கும்போதே சந்தேகம் வராதா?”

“வரணும்மா. ஆனா ஃபைன் கட்டலேன்னா வண்டியத் தூக்கிருவாங்களோன்னு பயத்துல இருக்கறவங்க, என்ன கேட்டாலும் அலோ அலோன்னு அழுத்திட்டே போயிடறாங்க.”

“அப்ப அந்த பயத்ததான் முதல்ல அனுப்பறான். ஆப்ப அப்புறம்தான் அனுப்பறான்.”

பேசியவர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சில பேச்சுகள் சான்றுகளைப் பற்றியவையாக இருக்கும். வறண்ட தலைப்பு என்று எழுந்து போய்விடாதீர்கள். ‘ஹேஷ்’ என்பதைத் திரையில் செய்து காட்டினால் உற்றுப் பாருங்கள். ஒரு கோப்பை எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டுக்குள் செலுத்தினால், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 குறிகள் கொண்ட ஒரு சரம் வெளிவரும். அதே கோப்பில் ஒரே ஒரு கால்புள்ளியைச் சேர்த்துவிட்டு மறுபடி செலுத்தினால் அந்தச் சரம் முழுக்க வேறாகிவிடும். சான்றில் யாரும் கைவைக்கவில்லை என்று நிறுவ இது உதவுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் இந்த ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. கடையில் சிசிடிவி வைத்திருப்பவரும், வாட்ஸ்அப் உரையாடலை வழக்கில் காட்ட நினைப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கேள்வி கேட்பது எப்படி

ஒரு நிமிடத்துக்குள் கேளுங்கள். நடந்த சம்பவத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லாதீர்கள். “பணம் போன ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சுது, வங்கி திங்கக்கிழமை வரச் சொன்னாங்க, அந்த இடைவெளியில வேற என்ன செஞ்சிருக்கலாம்?” என்பது நல்ல கேள்வி. யாருடைய பணம், எந்தக் கிளை, எந்த ஊர் என்பதெல்லாம் அறைக்குத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் பெயரைச் சொல்லவே கூடாது. ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவமானம் என்று எண்ணித்தான் பலர் புகாரே கொடுப்பதில்லை.

நிற அடையாளம் ஒன்றையும் அங்கே கேள்விப்படுவீர்கள். பாதுகாப்புத் துறையில் தகவலைப் பகிர ‘டிஎல்பி’ என்றொரு நெறி உண்டு. சிவப்பு என்றால் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஆம்பர் என்றால் தெரிந்தே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும். பச்சை என்றால் சமூகத்துக்குள் சொல்லலாம். ‘கிளியர்’ என்றால் யாருக்கும் சொல்லலாம். பேசுபவர் திரையின் மூலையில் சிவப்பு என்று போட்டிருந்தால், படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது துரோகம்.

கேள்வியைத் தமிழில் கேட்கலாமா என்று தயங்குகிறவர்கள் அதிகம். தாராளமாகக் கேளுங்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தாலும் பதில் தமிழில் வரும்.

தேநீர் இடைவேளை

என்னைக் கேட்டால் கூட்டத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. மேடையில் சொல்ல முடியாதவை எல்லாம் காகிதக் கோப்பையோடு நின்று பேசும்போது வெளிவரும். முந்தைய நாள் எடுத்து வைத்த படத்தை இப்போது காட்டுங்கள். “அண்ணா, இத கொஞ்சம் பாருங்க” என்றால் இரண்டு பேர் கூடுவார்கள், ஐந்து பேர் ஆவார்கள். இணைய முகவரியை எப்படிப் படிப்பது என்று அப்போதே கற்றுக்கொள்ளுங்கள்: முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் இருக்கும் பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இந்திய அரசின் தளங்கள் பெரும்பாலும் ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்றுதான் முடியும். கடைசிப் பகுதி வேறாக இருந்தால், முன்னால் பரிவாகன் என்று போக்குவரத்துத் தளத்தின் பெயரை எத்தனை முறை எழுதியிருந்தாலும் பயனில்லை. வங்கிகளுக்கும் இப்படியொரு தனி வால் வந்திருக்கிறது. ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி 2025-ல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் வங்கியின் முகவரியை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கேட்டு நச்சரிக்காதீர்கள். மாணவர்கள் செய்யும் முதல் தவறு அது. ஒருவரோடு இரண்டு மூன்று கூட்டங்களில் பழகிய பிறகு கேட்டால் அவரே வழி சொல்வார்.

தாண்டக் கூடாத கோடு

கூட்டத்திலிருந்து திரும்பும் இளைஞர்களுக்குக் கை அரிக்கும். கற்றதைக் கல்லூரி இணையதளத்தில் முயன்று பார்ப்போமே என்று தோன்றும். வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், உரியவர் அனுமதியின்றி அவருடைய கணினிக்குள் நுழைவது 43-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “நல்லெண்ணத்தில்தான் சோதித்தேன்” என்பதை நீங்கள்தான் நிறுவிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

கை அரிப்பைத் தீர்த்துக்கொள்ள நியாயமான இடங்கள் இருக்கின்றன. ஓட்டைகளை வேண்டுமென்றே வைத்துக் கட்டிய ‘ஜூஸ் ஷாப்’ என்ற போலிக் கடையை ஓவாஸ்ப் இலவசமாகத் தருகிறது. சொந்தக் கணினியில் நிறுவி எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கலாம். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ‘பிக்கோ சிடிஎஃப்’ பள்ளி மாணவர்களுக்கே ஏற்றது. உண்மையான தளம் ஒன்றில் தற்செயலாக ஓட்டை கண்ணில் பட்டால், மேலும் தோண்டாமல் அந்த நிறுவனத்துக்கோ மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கோ எழுதுங்கள். 2004-லிருந்து இயங்கும் செர்ட்-இன் இத்தகைய தகவல்களை வாங்கிச் சேர்ப்பிக்கும் வேலையையும் செய்கிறது.

திரும்பி வந்த வாரம்

அந்த வாரமே வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு எண்ணைப் பரப்புங்கள்: 1930. முதலில் 155260 என்றிருந்த நிதி மோசடி உதவி எண்தான் பிறகு இப்படிச் சுருங்கியது. கூடவே, 2019-ல் தொடங்கிய தேசிய சைபர் குற்றப் புகார் தளம், ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’.

1930 எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அவசரம் புரியும். நீங்கள் சொல்லும் விவரம் உடனே உங்கள் வங்கிக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று வங்கி பார்க்கிறது. அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைக்கப்படும். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவல் அங்கே பாயும். பணத்தின் பின்னால் புகார் ஓடும் ஓட்டம் இது. ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது, மறுநாள் காலை என்றால் பணம் பல கை மாறியிருக்கும். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, உங்கள் கணக்கு எண், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அவமானமாக இருந்தாலும் அது சான்று.

வங்கிக்கும் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. நாமே ஓடிபியைக் கொடுத்து ஏமாந்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அப்போதும், புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. புகார் கொடுத்த நேரம் குறிக்கப்பட்ட ஒப்புகைச் சீட்டு இதனால்தான் முக்கியம். வங்கிக் கவுண்டரில் இருப்பவர்கள் இதை வாடிக்கையாளரிடம் தாங்களாகவே சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ‘டிஜிட்டல் கைது’ பற்றிப் பேசிவிடுங்கள். வீடியோ அழைப்பில் சீருடையோடு ஒருவர் தோன்றி, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று மிரட்டி, கேமராவை விட்டு அகலக் கூடாது என்று மணிக்கணக்கில் உட்கார வைப்பது. அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இது குறித்து எச்சரித்தார். அதன் பிறகும் நாளிதழில் இந்தச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. செய்தி தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். “அப்பா, யாரு மிரட்டினாலும் போனக் கட் பண்ணிட்டு எனக்கு ஒரு கால் போடுங்க, நான் திட்ட மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திட்ட மாட்டேன் என்ற வாக்குறுதி முக்கியம். பல வீடுகளில் பெரியவர்கள் மறைப்பது பிள்ளைகளுக்குப் பயந்துதான்.

‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் ஓடுகின்றன என்று பார்க்கலாம். உங்களுடையது இல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். ஐந்து நிமிட வேலை.

அடுத்த கூட்டத்துக்கு

இரண்டாவது முறை போகும்போது பின்வரிசையில் ஒளிந்துகொள்ளாதீர்கள். நியூஸ் பைட்ஸ் சுற்றை யாராவது எடுக்க மாட்டார்களா என்று அமைப்பாளர்கள் ஒவ்வொரு மாதமும் ஆள் தேடுகிறார்கள். உங்கள் கவுண்டரிலோ வகுப்பறையிலோ கடையிலோ அந்த மாதம் கண்ட ஒரு மோசடியைப் பெயர்களை நீக்கிவிட்டுப் பத்து நிமிடம் தமிழில் சொல்ல முன்வாருங்கள். ஸ்லைடு வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அமைப்பாளரிடம் போய், “அடுத்த மாசம் நான் பேசறேன்” என்று பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.